நீலக் கூடமா, பச்சைக் கூடமா?

இந்தக் காலத்தில் ஒருத்தரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. வருவியா என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறான். பழம் இனிக்குமா என்று கேட்டால் 'உங்க ராசியைப் பொறுத்தது' என்கிறான். டாக்டரிடம் பிழைப்பேனா என்று கேட்டால் இன்னொரு டாக்டருக்கு எழுதிக் கொடுக்கிறார். உண்டு, இல்லை என்கிற இரண்டு வார்த்தைகளையும் எவனோ களவாடிக்கொண்டு போய்விட்டான் என்பது கண்டக்டரின் முடிவு.

அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் ஊருக்கு அவர் கண்டக்டர்தான். வேலையில் இருந்தவரை அவர் கேட்டது ஒரே கேள்வி: டிக்கெட் எடுத்தாச்சா, இல்லையா? அதற்கு மூன்றாவதாக ஒரு பதில் கிடையாது. 'முன்னாடி எடுத்துட்டாங்க' என்று பின்னால் இருப்பவன் சொல்வதையும், 'பின்னாடி எடுத்துட்டாங்க' என்று முன்னால் இருப்பவன் சொல்வதையும் கேட்டுக் கேட்டு மனிதர்கள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையெல்லாம் சில்லறையாகக் கரைந்து போயிருந்தது.

அவருடைய தம்பி டிரைவர். அண்ணன் விசில் அடிக்க, தம்பி வண்டி ஓட்ட, அப்படியே இருவரும் நரைத்தார்கள். தம்பி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். தம்பியின் மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பல்கலைக்கழகத்தில் பாலம் கட்டுகிற படிப்பு படிக்கிறாள். தனியார் பல்கலைக்கழகம். ஆராய்ச்சிக்குப் பேர் போனது. கடைசி வருஷம். அவள்தான் போன் செய்தாள்.

"பெரியப்பா, ஒருநாள் இங்க வர முடியுமா?"

"ஏன், உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் படிச்சது நிஜமா இல்லையான்னுதான் தெரியல."

"உங்க அப்பன்கிட்ட சொன்னியா?"

"அப்பா சிரிக்கிறார். அவ்வளவு பெரிய இடத்துல படிச்சுட்டு இது என்ன கேள்வின்னு கேக்கிறார். நீங்க யாரையும் நம்ப மாட்டீங்கல்ல, அதான் உங்களைக் கூப்பிடறேன். பாலம் தாங்கும்னு என்னைக் கையெழுத்து போடச் சொல்றாங்க பெரியப்பா."

கண்டக்டருக்குப் படிப்பு புரியாது. பாலம் புரியும். ஆற்றுப் பாலம் பழுதாகி மூடிக் கிடந்தது. பழுது பார்க்கிற வேலையை நகராட்சி பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்திருந்தது. எந்த இடத்தில் எத்தனை கம்பி, எவ்வளவு சிமெண்ட் என்று கணக்குப் போட்டதெல்லாம் மாணவர்கள். பாலம் திறந்ததும் முதல் வண்டியை ஓட்டப் போகிறவன் அவர் தம்பி. அதற்காக இப்போதே புதுச் சட்டை தைத்து வைத்திருந்தான்.

கண்டக்டர் கிளம்பினார். பாலம் திறக்கப்போகிற அன்றைக்குத்தான் போக முடிந்தது. பஸ் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போய் அவரைப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டது.

வாசல் இரண்டு இருந்தது. நடுவில் ஒரு காவலாளி. கண்டக்டரைப் பார்த்ததும் அவன் ஒரு காசை எடுத்துச் சுண்டினான்.

"பூ. நீங்க வலது வாசல் அய்யா."

"ரெண்டும் ஒரே இடத்துக்குத்தானேப்பா போகுது?"

"அதைத்தான் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்காங்க."

உள்ளே மரங்களெல்லாம் ஒரே உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தன. மாணவர்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தம்பி மகள் கேண்டீனில் காத்திருந்தாள். ஆள் இளைத்திருந்தாள். ஒரே மாதிரி இரண்டு பாய்லர்களில் ஒன்றிலிருந்து டீ பிடித்துக் கொடுத்தார்கள். கண்டக்டர் ஒரு வாய் குடித்தார்.

"இது டீயா தம்பி?"

"சொல்லக் கூடாது சார்," என்றான் டீக்காரன்.

"சரி, உனக்காவது தெரியுமா?"

"எனக்கும் சொல்லல சார்."

பக்கத்து மேசையில் ஒரு பையன் அதையே உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துவிட்டு, "இன்னிக்கு டீ சூப்பர்," என்றான். கண்டக்டர் டம்ளரை மேசையின் அந்த ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

மகள் மெதுவாகச் சொன்னாள். "ஒரு மருந்து கேக்குதான்னு பாக்கணும்னா பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுப்பாங்க பெரியப்பா. எது யாருக்குன்னு கொடுக்கிறவங்களுக்கும் தெரியாது, வாங்கிச் சாப்பிடறவங்களுக்கும் தெரியாது. இங்க பாடத்தையே அப்படித்தான் கொடுக்கிறாங்க. சேர்ந்த அன்னிக்கே காசு சுண்டி எங்களை நீலக் கூடம், பச்சைக் கூடம்னு பிரிச்சுட்டாங்க. ஒரு கூடத்துல நிஜப் பாடம். இன்னொண்ணுல வெற்றுப் பாடம். பாடம் மாதிரியே இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது."

"நீ எந்தக் கூடம்?"

"பச்சை."

"பச்சை நிஜமா, வெத்தா?"

"அதைத்தானே பெரியப்பா கேட்டுக்கிட்டிருக்கேன்."

பச்சைக் கூடத்தில் கடைசி பெஞ்சில் அவரை உட்காரவைத்தாள். பேராசிரியர் வந்தார். மூடி ஒட்டிய உறையைக் கிழித்து உள்ளே இருந்ததைப் படித்தார். "சுமை தன்னைத் தாங்குவதைத் தாங்கச் செய்யும் அளவில், தாங்குவதும் ஒரு சுமையாகிறது." மாணவர்கள் குனிந்து எழுதினார்கள். பேனாக்கள் கிறுகிறுவென்று ஓடின. பேராசிரியர் கரும்பலகையில் ஒரு அம்பு போட்டார். பிறகு அதற்கு எதிராக இன்னொரு அம்பு போட்டார். எல்லோரும் இரண்டு அம்புகளையும் வரைந்துகொண்டார்கள்.

கண்டக்டர் பக்கத்துப் பையனிடம் குனிந்தார். "புரியுதா?"

"ரொம்ப நல்லா நடத்துறார்."

"அது சரி. புரியுதா?"

பையன் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

நீலக் கூடத்தையும் எட்டிப் பார்த்தார். அங்கேயும் உறை கிழிந்தது, அம்பு பறந்தது, பேனா ஓடியது. எது நிஜம் என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை. தனக்குப் படிப்பு இல்லாததால் தெரியவில்லையோ என்று யோசித்தார். பிறகு பேராசிரியரின் முகத்தைப் பார்த்தார். டிக்கெட் எடுத்தோமா இல்லையா என்று தனக்கே மறந்துபோன பயணியின் முகம் அது.

"இங்க பெரிய ஆபீசர் யாரு? அவர்கிட்ட கூட்டிட்டுப் போ."

டீனின் அறை மேல்மாடியில். லிஃப்டும் இரண்டு இருந்தது. ஒன்றில் ஏறினார்கள். கதவு மூடியது, விளக்கு எரிந்தது, ஏதோ உறுமியது, கதவு திறந்தது. அதே இடம். கூட ஏறியிருந்த இரண்டு பேர் மேலே வந்து சேர்ந்துவிட்ட திருப்தியோடு இறங்கிப் போனார்கள். கண்டக்டர் படியேறினார்.

டீன் எழுந்து நின்று வரவேற்றார். சுத்தமான மனுஷன், மென்மையான குரல்.

"வாங்க, உட்காருங்க. உங்களை மாதிரி சாதாரண மக்கள் வந்து கேள்வி கேக்கிறது எங்களுக்குப் பெரிய கௌரவம். இது கேள்விகளோட இல்லம். பதில் சொல்லி யாரோட ஆர்வத்தையும் நாங்க கொல்றதில்லை."

"என் தம்பி பொண்ணு படிச்சது நிஜமா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, நான் கிளம்பறேன்."

"அருமையான கேள்வி! நான் டீன் ஆகறதுக்கு ரொம்ப முன்னாடி இருந்தே அதைத்தான் ஆராய்ச்சி பண்றோம். இதுவரைக்கும் கிடைச்ச முடிவைக் கேட்டா அசந்து போவீங்க. ரெண்டு கூடத்துக்கும் மார்க் ஒண்ணுதான். ரெண்டு கூடத்துக்கும் வேலை கிடைக்குது. ரெண்டு கூடத்துல இருந்தும் பேராசிரியர் ஆகியிருக்காங்க."

"அப்போ பாடம் நடத்தினாலும் ஒண்ணுதான், நடத்தலைன்னாலும் ஒண்ணுதான்னு ஆகுது."

"அப்படி அவசரப்படக் கூடாது. மேலும் ஆய்வு தேவை."

"சரி, எது நிஜம்னு தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தாகணுமே. வெற்றுப் பாடத்தை எழுதுறவருக்குத் தெரியும்ல?"

"அவர் எழுதுறது எந்தப் பாடம்னு அவருக்குச் சொல்றதில்லை. சொன்னா அவர் கைவண்ணம் மாறிடும்." டீன் பெருமூச்சு விட்டார். "ரகசியம் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தோம். இன்னொருத்தர்கிட்ட வெற்று உண்மையைச் சொல்லியிருந்தோம்."

"வெற்று உண்மைன்னா?"

"உண்மை மாதிரியே இருக்கும். அவங்க ரெண்டு பேருக்கும் தன்னோடது எதுன்னு தெரியாது. ஒருத்தர் தவறிட்டார். நல்ல மனுஷர். கடைசி வரைக்கும் பச்சைன்னு சொல்லிக்கிட்டு இருந்தார்."

"இன்னொருத்தர்?"

"நீலங்கிறார்."

கண்டக்டர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அய்யா, நீங்க எங்க படிச்சீங்க?"

"இங்கதான். எந்தக் கூடத்துல நிஜம் நடந்துச்சுன்னு எனக்கும் தெரியாது. இந்தக் கட்டிடத்துக்கு வரைபடம் போட்டதுகூட என்கூடப் படிச்சவங்கதான்."

சொல்லிவிட்டு டீன் தலைக்கு மேலே பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார். மகளும் பார்த்தாள். கூரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மயிரிழை மாதிரி ஒரு கோடு போயிருந்தது.

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல," என்றார் டீன், குரலைத் தணித்துக்கொண்டு.

பிறகு ஜன்னலைத் திறந்தார். வெளியே ஆறு கலங்கலாக ஓடியது. பாலத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மார்க்கும் வேலையும் பொய் சொல்லும். பாலம் பொய் சொல்லாது. அதனாலதான் இந்த வேலையை எடுத்தோம். இந்தக் கரைப் பாதிக்குக் கணக்கு போட்டது நீலக் கூடம். அந்தக் கரைப் பாதிக்குப் பச்சைக் கூடம். இன்னிக்கு சாயங்காலம் பஸ் போகும். எந்தப் பாதி நிக்குதோ அந்தக் கூடம் நிஜம்."

"ரெண்டும் நின்னுடுச்சுன்னா?"

"இன்னும் நீளமான பாலம் வேணும்."

"ரெண்டும் விழுந்துட்டா?"

டீனின் கண்கள் பளிச்சிட்டன. "அது ரொம்ப சுவாரசியமான முடிவா இருக்கும்."

"பஸ்ஸுக்குள்ள ஆளுங்க இருப்பாங்களேய்யா! ஓட்டுறவன் என் தம்பி!"

"எங்க நெறிமுறைக் குழு அதைப் பத்தி நீண்ட நேரம் கவலைப்பட்டுச்சு. கவலைப்பட்டதுக்குக் குறிப்பு இருக்கு. பயணிகளோட முழுச் சம்மதமும் வாங்கறோம். டிக்கெட்டுக்குப் பின்பக்கம் தெளிவா அச்சடிச்சிருக்கோம்."

கண்டக்டர் தன் வாழ்நாளில் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டுகளுக்குக் கணக்கில்லை. அதைச் சுருட்டிக் காது குடைந்தவர்களைப் பார்த்திருக்கிறார். பல் குத்தியவர்களை, படகு செய்து குழந்தைக்குக் கொடுத்தவர்களை, மோதிரம் மாதிரி விரலில் சுற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறார். திருப்பிப் படித்தவன் ஒருத்தனைக்கூடப் பார்த்ததில்லை.

கையெழுத்து விழா கீழே பெரிய அரங்கத்தில் நடந்தது. மேசை மேல் ஒரு தாள். 'பாலம் தாங்கும்' என்ற இரண்டு வார்த்தை. நீலக் கூடத்திலிருந்து ஒரு பையன் வந்து கையெழுத்துப் போட்டான். கைதட்டினார்கள். அடுத்து மகளைக் கூப்பிட்டார்கள்.

போகுமுன் அவள் கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "நான் என்ன பெரியப்பா பண்ணட்டும்?"

"தாங்குமா?"

"தெரியல."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்குற?"

மகள் மேசைக்குப் போனாள். பேனாவை எடுத்தாள், மூடியைப் போட்டாள், திரும்ப வைத்தாள்.

"எனக்குத் தெரியாது சார்," என்றாள்.

அரங்கம் அப்படியே உறைந்தது. அந்த வளாகத்தில் அதுவரை ஒருவரும் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னதில்லை போல. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"'மேலும் ஆய்வு தேவை'ன்னு போட்டுக்கலாமாம்மா?" என்று டீன் அன்பாகக் கேட்டார்.

"இல்ல சார். தெரியாதுன்னே போடுங்க."

"அப்படி ஒரு கட்டம் தாள்லயே இல்லையேம்மா. விலகிட்டதாத்தான் எடுத்துக்கணும். விலகினவங்களுக்குப் பட்டம் கிடையாது."

கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார். "விலகாதவங்களுக்கு?"

"அவங்களுக்குப் பட்டம் நிச்சயம் உண்டு. அந்தப் பட்டம் நிஜமா..." என்று ஆரம்பித்த டீன் பாதியில் நிறுத்திக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். சுண்டினார். பச்சைக் கூடத்திலிருந்து வேறொரு பெண் எழுந்து வந்தாள். மகளோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள். மகளின் முகத்தைப் பார்க்காமல் அழகான எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். முதல் பையனுக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.

வெளியே பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. பலூன் கட்டிய பஸ். ஊருக்குப் போகிற கூட்டம் முட்டி மோதி ஏறி உட்கார்ந்திருந்தது. புது கண்டக்டர் பையன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் ஜன்னல் ஜன்னலாகத் தட்டிக்கொண்டே போனார்.

"எறங்குங்க! பாலம் தாங்குமான்னு இவங்களுக்கே தெரியாது! அதைப் பாக்கத்தான் உங்களை அனுப்பறாங்க! டிக்கெட்டைத் திருப்பிப் படிங்க!"

"யாருய்யா இந்தப் பெரியவர், பொழுது சாயறதுக்குள்ளயே ஏத்திக்கிட்டாரா?" என்றது ஒரு குரல்.

"அவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிஞ்சுடுச்சாம்," என்றது இன்னொன்று.

கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் மட்டும் டிக்கெட்டைத் திருப்பினாள். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. பாதி எழுந்தாள். அவள் இடத்தில் உட்கார ஒருவன் தயாராக நின்றான். ஜன்னல் சீட். அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி புதுச் சட்டையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். டீன் கொடியை உயர்த்தினார். புது கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். வண்டி உறுமி நகர்ந்தது.

கண்டக்டர் சாவிக்கொத்தில் கிடந்த பழைய விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். ஒரே விசில்.

வண்டி குலுங்கி நின்றது.

"என்ன அண்ணே!" என்று தலையை வெளியே நீட்டினான் தம்பி. ஏன் பிரேக்கை மிதித்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. கால் தானாக மிதித்திருந்தது.

"எறங்குடா."

"ஆர்டர் இருக்கு அண்ணே. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் நிக்கறாங்க, மானத்தை வாங்காத. படிச்ச புள்ளைங்க கையெழுத்து போட்டிருக்குதுங்க."

"உன் புள்ள போடல."

தம்பி மகளைப் பார்த்தான். அவள் பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ ஏறுவியாம்மா இதுல?"

"மாட்டேன்பா."

"நீதானே கணக்கு போட்ட?"

"அதனாலதான்பா."

தம்பி கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். கூட்டம் கூச்சல் போட்டது. ஒருவன் காறித் துப்பினான்.

டீன் கொஞ்சமும் பதறவில்லை. ஒரே மாதிரி சீருடை போட்ட இரண்டு மாற்று டிரைவர்களை ஓரமாக நிறுத்தித் தயாராகவே வைத்திருந்தார். காசு சுண்டப்பட்டது. ஒருவன் ஏறி உட்கார்ந்தான். கியர் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் தேடின மாதிரி இருந்தது. இவனுக்கு ஓட்டத் தெரியுமா என்று கண்டக்டர் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

மறுபடி விசில் ஊதினார். ஊதி ஊதி மூச்சு வாங்கியது. இந்த டிரைவரின் காலுக்கு அந்த விசில் பழக்கமில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

வெளியே போகிற வழியில் வாசல் காவலாளி காசை எடுத்துச் சுண்டினான். காசு கீழே வருமுன் கண்டக்டர் எட்டிப் பிடித்து, பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"அய்யா, காசு! எந்த வாசல்னு சொல்லணும் அய்யா!"

சொல்லிக்கொண்டே அவன் இன்னொரு காசை எடுத்துக்கொண்டிருந்தான்.

மூன்று பேரும் ஆற்றைச் சுற்றிப் போகிற ரோட்டைப் பிடித்தார்கள். தம்பி முணுமுணுத்துக்கொண்டே வந்தான். வேலை போச்சு, பட்டம் போச்சு, சட்டைத் துணி காசு போச்சு. மரங்களுக்கு அப்பால் பஸ்ஸின் இரைச்சல் தேய்ந்துகொண்டே போனது. பிறகு அதுவும் கேட்கவில்லை. கண்டக்டர் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். ஆற்றுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"பாத்தியா? ஒரு சத்தமும் இல்ல," என்றான் தம்பி. "தாங்கிடுச்சு அண்ணே. வீணா எறக்கி விட்டுட்ட."

"இப்பத்தான்பா பாதி போயிருக்கும்," என்றாள் மகள். "எங்க பாதி இனிமேதான்."

தம்பி நின்றுவிட்டான். மகளும் நின்றாள். கண்டக்டர் நிற்கவில்லை. ரோட்டின் நடுவை விட்டு ஓரமாக, ஒவ்வொரு அடியையும் அழுத்தி ஊன்றிப் பார்த்துவிட்டு அடுத்த அடியை வைத்து நடந்துகொண்டே இருந்தார். இந்த ரோட்டைப் போட்டவன் எங்கே படித்தவனோ.